அப்பாவின் நெஞ்சை உலர்த்திய நாள்

ஆடியிலும் ஆவணியிலும் எங்கள் லைனில் யார் வீட்டுக் கொடியிலும் துணி காயாது. தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்தவர்களுக்கான வீடுகள் அவை. ஃபேக்டரிக்குப் பின்னால் சரிவில் வரிசையாக இருந்தன. மழை பிடித்துவிட்டால் பெண்கள் ஈரத்துணியை வாளியில் அமுக்கி எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்குப் போவார்கள். அங்கே இலையை உலர்த்தும் ட்ரையருக்குப் பின்புறம், சூடான காற்று போகும் பெரிய இரும்புக் குழாயை ஒட்டி ஒரு நீளக் கம்பி கட்டியிருந்தது. பள்ளிச் சீருடை, போர்வை, குழந்தைத் துணி எல்லாம் அந்தக் கம்பியில்தான் காயும். தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் பார்த்தும் பார்க்காதவர் போல் தாண்டிப் போவார். குன்னூர்ப் பள்ளிக்கூடத்தில் என்னையும் என் தங்கையையும் ‘டீத்தூள்’ என்று கூப்பிட்டார்கள். எங்களுக்குக் கோபம் வந்ததில்லை. சட்டையில் அந்த வாசம் இருந்தது உண்மைதானே.

ட்ரையர் அப்பாவின் பொறுப்பில் இருந்தது. அரைபட்டுப் புளித்த இலை ஒரு பக்கம் செம்பு நிறத்தில் ஈரமாக உள்ளே போகும். மறுபக்கம் கறுத்து, கையில் எடுத்தால் சலசலக்கும் தூளாக வெளியே வரும். அப்பா வேலையாட்களை இரண்டு விஷயங்களுக்காக மட்டுமே திட்டுவார். ஒன்று, அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றுவது. “மேல மட்டும் காஞ்சு உள்ள ஈரம் நின்னுபோச்சுன்னா அது தூளாடா? குப்பை!” என்பார். சூடு கூடினால் இலையின் வெளிப்பக்கம் ஓடு போல் இறுகிவிடும், உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வெளியேற வழி இராது. பார்க்க நல்ல தூளாக இருக்கும். மூட்டையில் கிடந்து புளித்துப் போகும். இரண்டாவது, காய்ந்த தூளைத் திறந்து போடுவது. காய்ந்த தேயிலை மலைக்காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அதனால் கையோடு மூட்டை கட்டிவிட வேண்டும். கட்டியதைப் பிரிக்கக் கூடாது. எங்கள் வீட்டில் வறுத்த கடலைக்கும் இதே சட்டம்தான்.

என் தங்கை சிற்பி. சென்னையில் படித்தாள். கல்லையோ வெண்கலத்தையோ அவள் தொட்டு நான் பார்த்ததில்லை. குடைக்கம்பி, சைக்கிள் செயின், குக்கர் வளையம், பழைய மிக்ஸி மோட்டார், செருப்பு வார் என்று நாம் தூக்கிப் போடுகிற பொருள்களைச் சேர்த்து, மனித உடம்பின் ஏதோ ஓர் அசைவைச் செய்து காட்டுவாள். ஒரு விடுமுறையில் அம்மாவின் வலக்கையை அச்செடுத்துக்கொண்டு போனாள். அடுத்த விடுமுறையில் அந்தக் கை திரும்பி வந்தது. பலகை மேல் சப்பாத்திக் கட்டையைப் பிடித்தபடி, மோட்டார் ஓட ஓட முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே இருந்தது. பலகையில் மாவு இல்லை.

அம்மா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். “மாவே இல்லாம உருட்டறா பாருங்க. நம்மூட்டுக் கதையாட்டவே இருக்குது,” என்றாள். அப்பா சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அம்மா சொன்னதில் பொய் இல்லை. பச்சைத் தேயிலை விலை விழுந்து அப்போது இரண்டு மழைக்காலம் கடந்திருந்தது. பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகவில்லை என்று சிறு விவசாயிகள் இலையைச் செடியிலேயே விட்டிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மரமாகிவிட்ட தேயிலைச் செடியை நான் முதலில் பார்த்தது அந்த வருஷங்களில்தான். கோத்தகிரி சாலையில் மறியல் நடக்காத மாதம் குறைவு. லைனில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிப் போய்விட்டார்கள். ஃபேக்டரி முதலில் வாரத்தில் நான்கு நாள் ஓடியது, பிறகு இரண்டு நாள். நான் ஊட்டியில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். சென்னையில் வாடகைக்கு வழியில்லாமல் தங்கை வீட்டுக்கே திரும்பி வந்தாள்.

எந்த நிகழ்ச்சியையும் தேதி போட்டுக் குறித்து வைப்பது என் பழக்கம். முதல் உறைபனி விழுந்தது, ஃபேக்டரிச் சங்கு நின்றது, வழியில் மண் சரிந்து கூடலூர் பஸ் வராமல் போனது எல்லாம் என்னிடம் உண்டு. இனி சொல்லப் போவதற்கு மட்டும் நான் தேதி போட்டதில்லை. மாதங்கள் நினைவில் இருக்கின்றன, அது போதும்.

அந்த வருஷம் அப்பாவின் மூச்சு கெட்டுப்போயிருந்தது. தூள் பறக்கும் இடத்தில் வாழ்நாளைக் கழித்தவர். பீடியும் உண்டு. மூச்சை இழுக்கும்போது ஒரு சத்தம், விடும்போது ஒரு சத்தம், இரண்டுக்கும் நடுவே ஒரு நிறுத்தம். அடுப்படியில் நின்றாலும் கேட்கும். தங்கை வந்த முதல் வாரம் முழுக்க எதுவும் செய்யாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு காலையில், காபி குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

“அப்பா, உங்க நெஞ்ச எனக்குத் தாங்க.”

“எடுத்துக்க அம்மிணி. எனக்கே அது ஒண்ணும் சரியா வேலை செய்யறதில்ல.”

“வெளயாட்டில்லீங்கப்பா. அச்செடுத்து, மூச்சு விடற மாதிரி செய்யப் போறேன். நீங்க இழுத்து விடறது அப்படியே வரோணும்.”

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். “இப்ப இருக்கற மூச்சு எதுக்குக் கண்ணு?” என்றார். “நல்லா இருந்தப்ப விட்டனே, அதச் செய்யி. இலை மூட்டையத் தோள்ல போட்டுட்டு மேல் மாடிக்கு ஏறுவேன், உங்கம்மாளக் கேளு. நெஞ்சு நெறய இழுக்கற மாதிரி செய்யி. நானும் ஒருக்கா பார்த்துக்கறேன்.”

தங்கைக்கு வேண்டியிருந்தது வேறு. அந்த நிறுத்தம், அந்தத் திணறல். அதை என்னிடம் பின்னால் சொன்னாள். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி, “சரிங்கப்பா, நெறஞ்ச மூச்சு,” என்று ஒப்புக்கொண்டாள். அன்றிலிருந்து அது சிற்பமாக இல்லை, அப்பாவுக்குக் கொடுத்த வாக்காகிவிட்டது. அவர் நெஞ்சு நிறைய மூச்சிழுப்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

வேலை ஆனியில் தொடங்கியது. உடைந்த குடைகளின் கம்பிகளை வளைத்து விலா எலும்புகள் செய்தாள். லாரி டயரின் உள் ட்யூபை வெட்டி ஒட்டி இரண்டு நுரையீரல்கள். அவற்றை அமுக்கி விரிக்க மிதி ஒன்று தேவைப்பட்டது. அம்மாவின் தையல் மெஷினில் மேல்பாகத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, கால்மிதியையும் சக்கரத்தையும் எடுத்துக்கொண்டாள்.

“என்ற மெஷினு!” என்று அம்மா கத்தினாள்.

“பத்து நாள்ல தந்தர்றேம்மா.”

“உங்கப்பனுக்கு நெஞ்சு செய்யறதுக்கு என்ற காலப் புடுங்கறியா? நல்லா இருக்குதுடி.”

“உடு, உடு,” என்றார் அப்பா. “உன்ற மிதிலதான் எனக்கு மூச்சே ஓடப் போகுது. பெருமைப்பட்டுக்க.”

அம்மா முணுமுணுத்தாள். ஆனால் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தது அவள்தான்.

அச்செடுத்தது ஆடியில், மழை கொஞ்சம் வெறித்த ஒரு நண்பகலில். அப்பாவைச் சட்டையில்லாமல் நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, இரண்டு பக்கமும் கரியடுப்பு வைத்தோம். அம்மா அவர் நெஞ்சில் தேங்காய் எண்ணெய் தடவினாள். மருந்துக்கடையில் வாங்கிய மாவுக்கட்டுத் துணியைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தங்கை ஒட்டினாள்.

“எலும்பு முறிஞ்சவனுக்குக் கூட இம்புட்டு மாவு போட மாட்டாங்க,” என்றார் அப்பா.

“பேசாதீங்கப்பா. இப்ப நல்லா இழுத்துப் புடிங்க. கட்டு எறுகற வரைக்கும்.”

இழுத்தார். அந்த நெஞ்சு உயர்ந்ததை நான் பார்த்தேன். பல வருஷங்களாக நாங்கள் பார்க்காத உயரம். கழுத்து நரம்பு புடைத்தது. கண்களை எங்கோ மேலே வைத்துக்கொண்டார். தங்கையின் கைகள் வேகமாக ஓடின. கட்டு இறுகத் தொடங்கும்போது அவர் உதடு நீலம் பாரித்தது. “போதும், விட்ருங்க!” என்று அம்மா அலறினாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார், முடியாது என்று. இன்னும் கொஞ்சம் பிடித்திருந்தார். பிறகுதான் விட்டார். இருமல் வந்து நெடுநேரம் நிற்கவில்லை.

கட்டைக் கழற்றியபோது நெஞ்சு முடியெல்லாம் அதோடு வந்தது. “ஆட்டுக்குக் கத்தரிக்கற மாதிரி ஆயிப்போச்சு,” என்றார். வலியில் கண்ணில் நீர் இருந்தது. கழற்றிய அச்சின் உட்புறத்தைத் தங்கை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். நிறைந்த நெஞ்சு. இழுத்த மூச்சு உள்ளே அப்படியே நின்றிருந்தது.

“இன்னொருக்கா இப்படி முடியாது அம்மிணி,” என்றார் அப்பா மெதுவாக.

“வேண்டாங்கப்பா. ஒண்ணு போதும்.”

அந்த அச்சுக்குள் மைதாப் பசையில் ஊறிய காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டிக் கூடு செய்தாள். ஃபேக்டரியில் கிழிந்து கிடந்த தேயிலைச் சாக்குகளின் காகிதம்தான். நெஞ்சின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனிக் கூடுகள். நடுவே துணியால் இணைத்தால் மூச்சோடு விரியும் என்பது கணக்கு. அச்சு ஒட்டிக்கொண்டுவிட்டதால் அதை உடைத்துத்தான் கூட்டை எடுக்க முடிந்தது. எடுத்தபோது கூடு ஈரமாக, கனமாக இருந்தது. வெயில் பட்டால் இறகு போல் லேசாகிவிடும் என்றாள்.

வெயில் வரவில்லை. அவலாஞ்சிப் பக்கம் அணை நிரம்பி வழிகிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். கூட்டை அடுப்புக்கு மேலே பரணில் வைத்தோம். விசிறியை ஓட விட்டால் கரண்ட் போய்விடும். கூட்டின் ஓரத்தில் பச்சையாகப் பூஞ்சை பிடித்தது. துடைத்தால் மறுநாள் வந்தது. அப்பா படுத்தபடி தினமும் கேட்பார்:

“என்ற நெஞ்சு காஞ்சுதா அம்மிணி?”

“காஞ்சுட்டிருக்குதுங்கப்பா.”

ஆவணியில் ஒரு காலையில், ஃபேக்டரியை மூடப் போவதாகச் சேதி வந்தது. கையிருப்பு இலையை அரைத்து முடித்ததும் ட்ரையருக்குச் சூடு தரும் உலையை அணைத்துவிடுவார்கள். இலை கொஞ்சம்தான் இருந்தது. அரை நாள் ஓடும்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். “என்ற ஸ்வெட்டர எடு,” என்றார் அம்மாவிடம்.

“ஏனுங்க, இந்த மழைல எங்கீங்க?”

“அந்த உலை அணைஞ்சா அப்பறம் இந்த மலைல நமக்கு எங்க சூடு இருக்குது? புள்ள செஞ்ச நெஞ்சு காய வேண்டாமா?”

யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. லைனில் காயாத எதையும் ட்ரையரில் காயவைப்பதுதானே வழக்கம். நான் அவரைத் தாங்கிப் பிடிக்க, தங்கை இரண்டு கூடுகளையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தாள்.

உள்ளே ஆட்கள் குறைவு. பின்னால் துணிக்கம்பி காலியாகத் தொங்கியது. உலைக்கு விறகு போடுகிறவர் இலங்கையிலிருந்து வந்தவர்; ஃபேக்டரியை எப்போதும் ஸ்டோர் என்றுதான் சொல்வார். எங்களைப் பார்த்ததும் சிரித்தார். “வாங்க மேஸ்திரி. அங்க ஒரு ஸ்டோர மூடிப் பார்த்துட்டு வந்தேன், இங்கயும் என் கையாலயே அணைக்க வச்சிட்டான். என்னா அது, புள்ள தூக்கிட்டு வருது?”

“என்ற நெஞ்சு.”

“அப்ப இங்க நிக்கிறது?”

“அது பழசு.”

வழக்கமான கம்பி அருகே வைத்தால் ஒரு முழு நாள் ஆகும். அவ்வளவு நேரம் உலை இருக்கப் போவதில்லை. அப்பா குழாயின் வாயருகே, சூடு நேராக அறையும் இடத்தில், இரண்டு செங்கல்லின் மேல் கூடுகளை வைக்கச் சொன்னார். கை நீட்டிச் சூட்டைப் பார்த்தார். “இன்னும் சித்த விறகு போடு,” என்றார்.

விறகுக்காரர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். “நீங்களா சொல்றீங்க?”

“போடுப்பா. நேரமில்ல.”

தன் வாழ்நாளெல்லாம் பிறரைத் திட்டிய அதே அவசரம். அன்று எங்கள் மூவருக்கும் அது உறைக்கவில்லை; கூட்டைக் கூடாகத்தான் பார்த்தோம், இலையாகப் பார்க்கவில்லை. கூடு எங்கள் கண் முன்னால் வெளுத்து, பிறகு பொன்னிறமானது. அப்பா திருப்பித் திருப்பி வைத்தார். அவருடைய மூச்சுச் சத்தம் இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை என்பதாலோ என்னவோ, அன்று அவர் நோயாளி போலவே இல்லை. மாலையில் விரல் மடக்கி அதன் மேல் தட்டினார். பலகையில் தட்டியது போல் டக்கென்று கேட்டது.

“பாத்தியா! காஞ்சாச்சு.”

தங்கை கைகொட்டிச் சிரித்தாள். உடனே எடுத்து ட்யூபும் கம்பியும் பொருத்திப் பார்க்கலாம் என்றாள். அப்பா விடவில்லை. “இந்த மழைலயா? வெளிய எடுத்தா ஈரத்த இழுத்துக்கும். சூட்டோட கட்டோணும்.” உட்புறம் வெள்ளித்தாள் ஒட்டிய புதுச் சாக்குகளை வாங்கி, கூடுகளை உள்ளே வைத்து, காற்றுப் புகாமல் மடித்து, தன் கையாலேயே கோணியூசியால் தைத்தார். “மழை நின்னு வெயில் அடிக்கட்டும். அப்பப் பிரிச்சா ஆயுசுக்கும் கெடாது.”

நாங்கள் வெளியே வரும்போது விறகுக்காரர் உலையின் கதவைத் திறந்து கிளறிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அப்பா படுக்கையை விட்டு அதிகம் எழுந்திருக்கவில்லை. சாக்கு இரண்டும் அவர் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தன. கையைத் தொங்கவிட்டு அவ்வப்போது தொட்டுக்கொள்வார். தங்கை மிதியையும் விலாக்கம்பிகளையும் இணைத்து அவர் எதிரே ஓட்டிக் காட்டினாள். கூடு இல்லாமலே ட்யூப் உப்பி இறங்கியது. “இழுக்கறது இன்னும் நிதானமா இருக்கோணும்,” என்று திருத்தினார். ஒருநாள் அவளே பொறுக்காமல், “இப்பவே பிரிச்சு மாட்டிறலாங்கப்பா,” என்றாள். “மழைல பிரிக்காத,” என்றார். புரட்டாசியில் குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கேயும் கேட்டார்: “கட்டு அப்படியே இருக்குதா?” இருக்கிறது என்றோம். அவர் போனது ஐப்பசி தொடக்கத்தில். அன்றும் மழை.

காரியம் முடிந்து, லைன் வீட்டைக் காலி செய்து ஊட்டி காந்தலில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்தோம். கார்த்திகையில் ஒருநாள் காலை வெயில் சுளீரென்று அடித்தது. தங்கை சாக்குகளை முற்றத்துக்கு எடுத்து வந்தாள். அம்மா குளித்துவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். தையலைப் பிரித்ததுமே புளித்த வாடை வந்தது. எனக்கு அந்த வாடை தெரியும். ஃபேக்டரிக்குத் திருப்பி அனுப்பப்பட்ட மூட்டைகளில் அடிக்கும் வாடை.

கூட்டின் மேல்தோல் ஓடு போல் அப்படியேதான் இருந்தது. உள்ளே நின்ற ஈரம் போக வழியில்லாமல் உட்பக்கம் கூழாகியிருந்தது. தங்கை ஒரு கூட்டை இரண்டு கைகளாலும் தூக்கினாள். அதன் மேடு சத்தமே இல்லாமல் உள்ளே அமுங்கியது, மற்றதும் அப்படித்தான். அப்பா உதடு நீலமாகும் வரை பிடித்து வைத்திருந்த அந்த உயரம் போய்விட்டது. அச்சு உடைந்தது ஆடியிலேயே. அச்செடுத்த உடம்பும் இல்லை.

அவள் அழவில்லை. “மேல காஞ்சு உள்ள ஈரம்,” என்று மட்டும் சொன்னாள், அப்பாவின் குரலில். அப்போதுதான் எனக்கும் புரிந்தது.

“அவருக்குத் தெரியாமப் போனதே நல்லதுண்ணா,” என்றாள் சற்றுக் கழித்து. நன்றாகக் காய்ந்துவிட்டது என்ற நம்பிக்கையோடு போனார் என்பது ஒரு பக்கம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அதை அவர் தைத்த கட்டே அவருக்குக் காட்டாமல் வைத்திருந்தது என்பது இன்னொரு பக்கம்.

அம்மா உள்ளே போய் அப்பாவின் ஸ்வெட்டரைக் கொண்டுவந்தாள். கடைசியாக ட்ரையருக்குப் போட்டுக்கொண்டு போனது. அதைக் குடைக்கம்பி விலாக்களின் மேல் மாட்டி, பொத்தான்களைப் போட்டாள். பிறகு எங்கள் இருவரையும் பார்க்காமல், தன் மெஷினின் மிதியில் கால் வைத்து அழுத்தினாள்.

ட்யூப் உப்பியது. ஸ்வெட்டர் மெல்ல உயர்ந்தது. நிறைந்த மூச்சு, நிதானமாக, அவர் திருத்திச் சொன்ன மாதிரியே. அம்மா சில தடவை மிதித்தாள். இறங்கும்போது ஸ்வெட்டரின் நடுவில் ஒரு குழி விழுந்தது, ஏறும்போது மறைந்தது. திடீரென்று காலை எடுத்துவிட்டாள். பாதி மூச்சில் நின்றது.

“போதும் கண்ணு. அவரு மூச்சுக்கு அலைஞ்சதப் பார்த்தாச்சு. நிறுத்துனாலும் பயமா இருக்குது, மிதிச்சாலும் பயமா இருக்குது.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “மெஷினக் கோத்துக் குடு. பக்கத்து வீதில ஜாக்கெட் தைக்கக் கேட்டிருக்காங்க. ஃபேக்டரியும் இல்ல, அவரும் இல்ல. ஏதாச்சும் செய்யோணுமல்ல?”

தங்கை அன்றே மிதியைக் கழற்றினாள். தையல் மெஷினின் மேல்பாகத்தை அலமாரியிலிருந்து எடுத்து, பழையபடி பொருத்தி, பெல்ட்டை மாட்டிக் கொடுத்தாள். மறுநாள் முதல் அம்மா தைக்கத் தொடங்கினாள்.

பிறகு தங்கையின் வேலைகள் பல ஊர்களுக்குப் போயின. நடக்கும் கால்கள், பால் ஆற்றும் கைகள், மெல்லும் தாடைகள். மூச்சு விடுகிற எதையும் அவள் செய்யவில்லை. குடைக்கம்பி விலாக்கள் காந்தல் வீட்டில் ஆணியில் தொங்குகின்றன. ட்யூப் வெடித்து இறுகிவிட்டது. ஸ்வெட்டரை அம்மா துவைக்க விடுவதில்லை. மழை மாதங்களில், மின்சாரம் நின்று வீடு அமைதியாகிவிட்ட பகல்களில், பக்கத்து அறையில் அம்மா மெஷினை மிதிப்பது கேட்கும். மடிப்பு வரும் இடங்களில் சிறிது நிறுத்துவாள். அப்போதெல்லாம் தங்கையும் நானும் பேச்சை நிறுத்திவிட்டு, அவள் மறுபடி மிதிக்கும் வரை காத்திருப்போம்.